எக்ஸு தலையில ஒரு குட்டி ரெண்டு

முட்டையாம்ல, முட்டை! எப்பவும் பத்துக்குப் பத்து வாங்குற புள்ளைக்கு முட்டை போட்டிருக்காக அந்தக் கணக்கு டீச்சரு. நீயே சொல்லுத்தா, நியாயமா இது?... இல்ல இல்ல, நீ சன்னலோரமே இரு. எனக்குச் சோலி போடியில, பள்ளிக்கூடத்து வாசல்ல. பஸ்சு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

எம் மக ரேணுகா, ஒம்பதாவது. தேனியில கணக்குப் போட்டி நடக்குது, அதுக்கு இவ பேரத்தான் எழுதியிருந்தாக. முந்தாநேத்து வீட்டுக் கணக்கு நோட்டப் பாத்துட்டு, பேர அடிச்சுட்டாக! இன்னைக்கு வேற புள்ள பேரு போகுதாம். ரெண்டு நாளா சோறு எறங்கல அவளுக்கு. எங்கிட்ட ஒரு பேச்சு கெடையாது. மொறைக்கிறா, அம்புட்டுத்தான். டீச்சரு மேல உள்ள கோவத்தப் புள்ள நம்ம மேலதான காட்டும்?

இந்தா, நோட்டு. மொதக் கணக்கப் பாரு. பல்லுறுப்புக் கோவையாம்... பேருதான் பெருசு. மூணு எக்ஸு, தலையில குட்டியா ஒரு ரெண்டு. அப்பறம் சும்மா நாலு எக்ஸு. அதோட கூட்ட வேண்டியது, ரெண்டு எக்ஸு குட்டி ரெண்டோட, அஞ்சு எக்ஸு சும்மா. மூணும் நாலும் ஏழு, ரெண்டும் அஞ்சும் ஏழு. ஆகமொத்தம் பதினாலு எக்ஸு! சரியாத்தான இருக்கு?

எனக்கா தெரியாது? பதினேழு வருசமா ஏலக்காய்க் கடையில காய் பொறுக்குறேன். மலையில இருந்து ஜீப்பு லோடு வந்து எறங்குனா, மூடையில மார்க்கு போட்டிருக்கும். பிரின்ஸ் மொதலாளி தோட்டத்துக்கு இதே எக்ஸுதான். தலையில குட்டியா ரெண்டு போட்டிருந்தா ரெண்டாம் நடை லோடு. எத்தனாம் நடையா இருந்தா என்ன, ஒரே மார்க்கு, ஒரே பக்கம் அடுக்க வேண்டியதுதான?

என்னத்தா சிரிக்கிற?... ஒத்த உறுப்பு மட்டுந்தான் ஒண்ணா சேருமா? அது என்னமோ... எக்ஸுக்கு ஒரு நம்பர வச்சுப் பாக்கணுமா? சரி, ஒண்ணு வையி. மூணு, நாலு, ரெண்டு, அஞ்சு... பதினாலு! நம்ம விடையும் பதினாலு! பாத்தியா!

ரெண்டு வைக்கணுமா? வையி, எனக்கென்ன பயமா? குட்டி ரெண்டு இருந்தா எக்ஸ எக்ஸாலயே பெருக்கணுமாக்கும்... அப்ப நாலு. முந்நாலு பன்னெண்டு. சும்மா நாலு எக்ஸு, எட்டு. அந்தப் பக்கம் ஒரு எட்டு, ஒரு பத்து. முப்பத்தெட்டு. நம்ம பதினாலு எக்ஸு... இருபத்தெட்டு.

பத்து எங்கத்தா போச்சு?

நீ எப்பிடிப் போடுற, காட்டு. குட்டி ரெண்டு உள்ளது தனியா அஞ்சு, இல்லாதது தனியா ஒம்பது. இருபதும் பதினெட்டும்... முப்பத்தெட்டு. அடியாத்தி! அப்ப அது நடை இல்ல, சைசு! எட்டு எம்எம் காயி, ஏழு எம்எம் காயி! ஒரே தோட்டத்துக் காயின்னாலும் சல்லடையில பிரிச்சுத் தனித்தனிக் குமியாத்தான போடணும்! கலந்து கொட்டிட்டான்னு நேத்துத்தான எங்கூடக் காய் பொறுக்குற ராமுத்தாய அந்த வசவு வஞ்சேன்...

இல்லத்தா, ஒண்ணுமில்ல. ரேணுகாவும் இப்பிடித்தான் எழுதியிருந்தா. அஞ்சு தனியா, ஒம்பது தனியா. பென்சில்ல. அவ குளிக்கப் போனப்ப எதார்த்தமாப் பாத்தேன். அடடா, புள்ள கூட்டி முடிக்காமப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாளேன்னு... ரப்பர எடுத்து... நாந்தான்...

"இத நான் எழுதல டீச்சர்"னு அழுதிருக்கா. "அப்ப பேயா வந்து எழுதுச்சு?"ன்னு கேட்டாகளாம். பேயி இந்தா, ஒம் பக்கத்துல டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கு.

ஐயய்யோ, பள்ளிக்கூடம் வந்துருச்சு! அண்ணே, நிப்பாட்டுங்க! வேற புள்ள பேரு போறதுக்குள்ள வெரசா போயிச் சொல்லணும். ஒரு கணக்குன்னா சொல்லிப்புடுவேன்த்தா... அவ தல தொவட்டிட்டு வர்றதுக்குள்ள பதினோரு கணக்கையும்ல முடிச்சு வச்சேன்!