ஜக்கோடு சேராத கிண்ணம்

இருந்தவர்கள்: சத்தார், திருத்தணியில் பழைய சாமான் வாங்கி விற்பவர், தில்ஷாத், அவர் மனைவி, வரலட்சுமி, பக்கத்து வீட்டு நெசவுக்காரி. இடம்: வரலட்சுமியின் தறி அறை. மத்தியானம்.

சத்தார்: ...தயிர வேற ஏனத்துல ஊத்தும்மா. நான் அடிய பாக்கணும்.

வரலட்சுமி: இப்பதான் ஒற ஊத்தினேன் பாய். ஆட்டினா கெட்டுப்பூடும்.

சத்தார்: கெட்டா வாங்கித் தரேன்.

வரலட்சுமி: ஆங்... போன தீபாவளிக்கு வாங்கித் தரேன்னு சொன்ன பல்பையே காணோம்.

தில்ஷாத்: விடுங்களேன். கிண்ணத்த எதுக்கு...

சத்தார்: நீ சும்மா இரு. உங்கம்மா கண்ணாடி ஜக்கும் கிண்ணமும் சேத்துதானே குடுத்தாங்க?

தில்ஷாத்: எனக்குக் குடுத்தாங்க.

சத்தார்: உனக்குன்னா எனக்கு இல்லியா?

தில்ஷாத்: கட்டிலும் அப்பிடித்தான் போச்சு. அண்டாவும்...

வரலட்சுமி: கல்யாணத்துக்கு அவ கொண்டாந்ததுல இது ரெண்டுதான் பாக்கி பாய். இதையுமா?

சத்தார்: ஜக்கு அடியில நம்பர் இருக்குதும்மா. அச்சுலயே வார்த்திருக்கான். இங்கிலாந்துல ஒரு டிசைன பதிஞ்சா அதுக்கு ஒரு நம்பர். அத வெச்சி தேடித் தேடி... கண்ணு போச்சு. எந்தக் கம்பெனி, எந்த வருசம், எல்லாம் கெடச்சிடுச்சி.

வரலட்சுமி: அந்த வருசம் செஞ்ச ஜக்கா?

சத்தார்: அது டிசைன் பதிஞ்ச வருசம். சாமான அப்புறமும் ஊத்தியிருப்பான். ஆனா ஜோடின்னா ஜக்குக்கும் கிண்ணத்துக்கும் ஒரே நம்பர். மெட்ராஸ் பார்ட்டி ரெண்டும் இருந்தாத்தான் எடுப்பேங்கறான். சாயங்காலம் அரக்கோணம் வந்துகினு இருக்கான்.

தில்ஷாத்: கிண்ணம் ஒடஞ்சிபோச்சின்னு சொல்லிடுங்க.

சத்தார்: நேத்து இன்னா சொன்ன? ரம்ஜானுக்கு ஷீர் குருமா ஊத்தி இந்த அக்கா வூட்டுக்கு அனுப்பினேன், இன்னும் வரலன்னு சொல்லல?

வரலட்சுமி: வெறுங்கிண்ணத்த எப்டி திருப்பறது? ஆடிக்கிருத்திகைக்குப் பாயசம் ஊத்திக் குடுக்கலாம்னு இருந்தேன்.

சத்தார்: இதானே அது?

வரலட்சுமி: ...இதான்.

சத்தார்: இதானே தில்ஷாத்?

தில்ஷாத்: அதான் அக்கா சொல்றாங்க இல்ல.

சத்தார்: குடு. நானே ஊத்திக்கறேன்... டார்ச்ச அடி. இன்னாது... பதினேழுல முடியுது.

வரலட்சுமி: எதுல முடியணும்?

சத்தார்: ஜக்குல நாப்பத்தெட்டு.

தில்ஷாத்: தேஞ்சிருக்கும். சரியா பாருங்க.

சத்தார்: தேஞ்சா நம்பர் மங்கும், மாறாது. பூவும் வேற. அதுல ஆறு இதழ், இதுல அஞ்சு. உங்கம்மா சேராதத சேத்து ஜோடின்னு தலையில கட்டியிருக்காங்க.

தில்ஷாத்: அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.

வரலட்சுமி: இத்தினி வருசமா நீங்க பாத்ததே இல்லியா பாய்?

சத்தார்: வூட்டு சாமான எவன் பாப்பான்? ஆளுங்க பேச்ச நம்பி ரெண்டு மாசம் போச்சு. நம்பர்தான் நெசம்.

வரலட்சுமி: அது சரி.

சத்தார்: வா, போலாம்.

தில்ஷாத்: நீங்க போங்க. தயிரு கொட்டிக் கெடக்குது, தொடச்சிட்டு...

சத்தார்: சோறு?

தில்ஷாத்: குண்டான்ல இருக்குது.

வரலட்சுமி: பாத்துப் போங்க பாய். படி ஈரமா இருக்குது.

தில்ஷாத்: ...போயிட்டாரா?

வரலட்சுமி: தெருமுனை திரும்பிட்டாரு.

தில்ஷாத்: அக்கா... உன் மாமியா கிண்ணத்த எதுக்கு என்னுதுன்னு சொன்ன? நான் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே.

வரலட்சுமி: காலையில தறியில ஒக்காந்து குழியில கால வுட்டா, பை தட்டுது. நேத்து நூல் சுத்த வந்தப்ப நீ வெச்சதுதானே? பையில உன் கிண்ணம் மட்டும் இருந்திருந்தா உங்கிட்டயே கேட்டிருப்பேன். உன் பொடவ, பொண்ணு துணி, செருப்பு மொதக்கொண்டு இருந்துச்சி... அதான் கேக்கல. கதவ சாத்திப் பூட்டிட்டேன். இனி அந்தாளு வந்து தட்டினா நான் பேசிக்கறேன்.