ஆறு கோடி உயிரணுக்கள்

சர்க்கரை போடாத டீதான் எனக்குப் பிடிக்கும். கேட்டுக் கொடுத்தீர்களே, நன்றி மேடம். விசாரணை என்றால் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் இந்த ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். குழந்தை இல்லை என்று தம்பதி வந்தால் புருஷனையும் ஆரம்பத்திலேயே சோதித்துவிட வேண்டும். வலி கிடையாது, ஒரு டப்பா போதும். ஆனால் அந்த டப்பாவை நீட்டினால் மீசை முறுக்கிக்கொண்டு வந்தவர்கூடத் திருதிருவென்று முழிப்பார். "எங்கப்பாவுக்கு நாங்க ஒன்பது பேருங்க" என்பார். அப்பாவின் டப்பாவை யார் கேட்டது?

கல்யாணமாகி மூன்றாம் வருடம் என் டப்பாவை நானே சோதித்தேன். மைக்ராஸ்கோப்பில் ஈ காக்கை இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஊரடங்கு போட்ட தெரு மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டில் ஆறு கோடி என்று எழுதினேன். பத்துக் கோடி என்றே எழுதியிருக்கலாம். பெருமையடிப்பது எனக்குப் பிடிக்காது.

புருஷன் சரியாக இருந்தால் டாக்டர் பெண்டாட்டியைத்தானே குடைவார்? ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பா என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தபோது, வலி தாங்காமல் என் மனைவி என் மணிக்கட்டில் நகம் பதித்தாள். நான் கையை இழுக்கவே இல்லை. வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டும் பார்த்தாயிற்று. "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று டாக்டரம்மா குழம்பினார். கடைசியில், ஸ்கேனில் பெரிதுபடுத்தாமல் விட்டிருந்த எலுமிச்சை அளவு கட்டி ஒன்று கர்ப்பப்பையில் கண்ணில் பட்டது. அது பாட்டுக்கு இருந்திருக்கும். வேறு காரணம் சிக்காததால் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆபரேஷனில் ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு குறை யாரிடம் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

கண் விழித்ததும், "நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கோங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாள்.

"லூசு மாதிரி பேசாத. நீதான் எனக்குக் குழந்தை" என்றேன்.

மாமியார் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கமான மாப்பிள்ளை என்று வார்டே சொன்னது.

போன மாதம் ஒருவர் வேறு லேபில் சோதித்து, பூஜ்யம் என்ற காகிதத்தோடு வந்து சண்டை போட்டார். என் ரிப்போர்ட்டில் அவருக்கு நாலு கோடி. விஷயம் வீடுவரை போயிற்று.

"உங்க ரிப்போர்ட்டும் பொய்னு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன். அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

தன் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சண்டை போட்டவரைச் சேர்த்து மொத்தம் பதினொரு பேர், மேடம். ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களைப் பார்த்தால் மனசு கேட்காது. எல்லாருக்கும் நானேதான் மாற்றி எழுதினேன். அவர்களுடைய மனைவிகளுக்கு மேல்மாடி ஆபரேஷன் தியேட்டரில் என்னென்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.