பார்க்காமல் போட்ட சரி

சந்திரமதி: அந்தப் பதில மட்டும் இன்னொரு வாட்டி படிங்க.

சிந்துஜா: மறுபடியுமா டீச்சர்? மத்தப் பிள்ளைங்களோடது அப்படியே கெடக்கு. ஷாமளா சொன்னதுகூட இன்னும்...

சந்திரமதி: ஷாமளா கெடக்கா விடுங்க. அவ வாயத் தெறந்தா மூட மாட்டா. என் வகுப்புப் பிள்ளைங்க சொன்னத சரியா எழுதியிருக்கீங்களான்னு கேக்கத்தானே ஜோகூர்பாருலேருந்து இந்தத் தோட்டத்துக்குக் கார் ஓட்டிக்கிட்டு வந்தீங்க? கேக்கறேன். படிங்க.

சிந்துஜா: சரி... "ஸ்கூல்ல உனக்கு மறக்க முடியாத நாள் எது?" இது என் கேள்வி. தேன்மொழி சொல்றா, "எல்லாரும் போனப்புறம் நான் மட்டும் வகுப்புல இருந்த நாள். நல்ல மழை. கணக்க முடிச்சாத்தான் வீடுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. கடைசிக் கணக்கு தப்பு. டீச்சர் மணியப் பாத்துட்டு, கணக்கப் பாக்காமலே சரி போட்டாங்க. தப்புன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல."

சந்திரமதி: கணக்கப் பாக்காமலே...

சிந்துஜா: டீச்சர்?

சந்திரமதி: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சிந்துஜா: கோவமா? உங்க பேரு, ஸ்கூல் பேரு எதுவும் தீசிஸ்ல வராது. பிள்ள பேரக்கூட மாத்திடுவேன்.

சந்திரமதி: கோவம் என்ன கோவம். பாக்காம சரி போடாத டீச்சர் எந்த ஊர்ல இருக்கா?

சிந்துஜா: எங்க ப்ரொஃபசர் சோமசேகரம் இதப் படிச்சிட்டு எந்திரிச்சே நின்னுட்டார். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் எப்படி இருக்கு, அதனால மார்க் ஏறுதா எறங்குதான்னு நாம பக்கம் பக்கமா எழுதறோம், ஒரு சின்னப் பிள்ள நாலு வரியில சொல்லிட்டாளேன்னார். அந்த அத்தியாயத்துக்கே "நான் சொல்லல"ன்னு பேரு வைக்கச் சொன்னார்.

சந்திரமதி: ஓ... தலைப்பே அவதானா.

சிந்துஜா: ஓம்... ஆமா டீச்சர்.

சந்திரமதி: யாழ்ப்பாணத்து "ஓம்" வந்துடுச்சே. காலையிலேருந்து எங்க பேச்சுத்தானே பேசிக்கிட்டு இருந்தீங்க?

சிந்துஜா: வீட்டுப் பழக்கம். டென்ஷன் ஆனா தானா வந்துடும்.

சந்திரமதி: என்ன டென்ஷன் லா, எங்கிட்ட? தேஓ ஆறுது, வெறும் டீ ஆறினா நல்லாருக்காது, குடிங்க.

சிந்துஜா: குடிக்கறேன். டீச்சர், ஒண்ணு கேக்கணும். உங்க வகுப்புக் கணக்கு மார்க் இந்த வருஷம் நல்லா ஏறியிருக்கு. பிள்ளைங்க எல்லாரும் ஒரே விஷயந்தான் சொல்றாங்க. "இப்பல்லாம் டீச்சர் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டாங்க, தப்பு போட்டா பக்கத்துல ஒக்காந்து பாப்பாங்க"ன்னு. என்ன மாத்துனீங்க? எப்ப மாத்துனீங்க?

சந்திரமதி: மாத்தணும்னு தோணுச்சு. மாத்துனேன்.

சிந்துஜா: சும்மா தோணுமா?

சந்திரமதி: வயசாகுதுல்ல. இப்பல்லாம் ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு வாட்டி பாக்காம பேனாவ எடுக்கறதில்ல.

சிந்துஜா: தேன்மொழி மட்டுந்தான் வேற மாதிரி சொல்றா. நிறுத்தி வெச்சீங்கன்னு.

சந்திரமதி: அவ மட்டுந்தான்... ம். எங்க வெச்சுப் பேசுனீங்க அவகிட்ட?

சிந்துஜா: நூலகத்துக்கு வெளியில, அந்தப் படியில.

சந்திரமதி: ஓய்வு நேரத்துலயா?

சிந்துஜா: ஆமா. சாப்பிட்டுட்டு வந்தா.

சந்திரமதி: என்ன சாப்பிட்டா?

சிந்துஜா: அது... கறி பஃப்பா இருக்கும்.

சந்திரமதி: தலமுடி?

சிந்துஜா: ரெட்டப் பின்னல்.

சந்திரமதி: இங்க எல்லாமே ரெட்டப் பின்னல்தான். எதிர்ல ஒக்காந்தாளா, பக்கத்துலயா?

சிந்துஜா: பக்கத்துல. டீச்சர், நீங்கதான் ரிசர்ச் பண்ற மாதிரி இருக்கு.

சந்திரமதி: உங்களப் பாத்துக் கத்துக்கிட்டேன். அவ குரலப் போடுங்க, கேப்போம். எல்லாத்தையும் போன்ல பதிஞ்சீங்கல்ல?

சிந்துஜா: அன்னிக்குன்னு பாத்து பேட்டரி... அவளோடது பதியல.

சந்திரமதி: அவளோடது மட்டும்.

சிந்துஜா: ...ஆமா.

சந்திரமதி: வேற என்ன சொன்னா? நீங்க எழுதாம விட்டது ஏதாச்சும்?

சிந்துஜா: கடைசியில ஒரு வரி இருந்துச்சு. ஆராய்ச்சிக்குத் தேவையில்லன்னு ப்ரொஃபசர் எடுக்கச் சொல்லிட்டார்.

சந்திரமதி: என்ன வரி?

சிந்துஜா: அத விடுங்க டீச்சர்.

சந்திரமதி: விட முடியாது. வரியச் சொல்லு.

சிந்துஜா: மொதல்ல நீங்க சொல்லுங்க. ஏன் இவளப் பத்தி மட்டும் இப்படித் தோண்டறீங்க? நாளைக்கு வேணும்னா வர்றேன், அவள இங்கயே கூப்பிட்டு...

சந்திரமதி: கூப்பிட முடியாது.

சிந்துஜா: ஸ்கூல் மாறிட்டாளா?

சந்திரமதி: போன வருஷக் கடைசி மழையில ஓடையில போயிட்டா.

சிந்துஜா: யாரு?

சந்திரமதி: தேன்மொழி. அஞ்சாம் ஆண்டே முடிக்கல.

சிந்துஜா: இல்ல டீச்சர். நான் இங்க வந்ததே இந்த வருஷந்தான்.

சந்திரமதி: நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.

சிந்துஜா: வெளையாடாதீங்க.

சந்திரமதி: இதுல என்ன வெளையாட்டு? ஸ்கூல் முடிஞ்சு மணியம் வேன்ல ஏத்திவிட்டேன். சந்திப்புல எறக்கிவிட்டிருக்கான். அங்கேருந்து செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஒரு குறுக்கு வழி. தண்ணி பாலத்துக்கு மேல போயிருக்கு... மறுநாள்தான் கெடச்சா.

சிந்துஜா: அந்த மழையில வேன்காரர் எப்படித் தனியா எறக்கிவிட்டார்?

சந்திரமதி: "அவ ஏறவே இல்ல"ன்னு தலையில அடிச்சுச் சொன்னான். யாரு நம்புவா? ஏத்திவிட்டேன்னு டீச்சரே சொல்றப்ப. ஊரே அவன ஏசுச்சு. அப்புறம் யாரும் பிள்ளைய அவன் வேன்ல அனுப்பல. ஓட்டிப் பாத்தான், முடியல. நீங்க பேச வந்தீங்களே, அதே வாரம் குடும்பத்தோட மாசாய்க்குப் போயிட்டான். ஃபேக்டரி வேலைக்கு. காளிதாஸ் அவன் மகன்தான்.

சிந்துஜா: காளிதாஸா? என் லிஸ்ட்ல கடைசியா அவன்தான் இருந்தான்.

சந்திரமதி: ஆமா. ஒரு பிள்ள கொறையுதேன்னு பொலம்புனீங்க. அடுத்த வாரம், கொறையல டீச்சர்னு சொல்லிட்டீங்க.

சிந்துஜா: டீச்சர், நான் அவ குரலக் கேட்டேன்.

சந்திரமதி: படியில.

சிந்துஜா: படியில இல்ல, இங்க. மொதல் நாள் பின்னால ஒக்காந்து வகுப்பப் பாத்தேன்ல? நீங்க பேரு கூப்பிட்டீங்க. சிவகணேசன்... உள்ளேன் டீச்சர். தேன்மொழி... உள்ளேன் டீச்சர். அதோ, செவுத்துல ஒட்டியிருக்கீங்களே பொறந்தநாள் ரயில், அதுல அவ பேர் போட்ட பெட்டிகூட இருக்கு.

சந்திரமதி: அந்தப் பெட்டியக் கழட்டப் பிள்ளைங்க விடல. பேரையும் விடாம கூப்பிடச் சொன்னாங்க. கூப்பிட்டுட்டு ஒரு மூச்சு நிப்பேன். எல்லாரும் தலையக் குனிஞ்சுப்பாங்க. அப்புறம் அடுத்த பேரு. எங்க வகுப்புப் பழக்கம் அது.

சிந்துஜா: அவளுக்காக யாராச்சும் ஒரு பிள்ள "உள்ளேன்"னு சொல்லுமா இருக்கும்.

சந்திரமதி: ஒருநாளும் யாரும் சொன்னதில்ல.

சிந்துஜா: எனக்குப் பக்கத்துல கேட்டுச்சு டீச்சர்.

சந்திரமதி: நீ ஒக்காந்திருந்தது அவ எடம்.

சிந்துஜா: அலமாக்... ஐயோ டீச்சர்...

சந்திரமதி: சாரல் அடிக்குது. கதவச் சாத்தட்டுமா?

சிந்துஜா: வேணாம். தெறந்தே இருக்கட்டும்.

சந்திரமதி: பயப்படாத. அவ யாரையும் பயமுறுத்தற பிள்ள இல்ல. சத்தமாக்கூட பேச மாட்டா... இப்பச் சொல்லு. படியில ஒன் பக்கத்துல ஒக்காந்து என்ன சொன்னா? எம்மேல கோவமா இருந்தாளா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். மத்தத உன் தீசிஸ்ல எப்படி வேணா எழுதிக்க.

சிந்துஜா: நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்க ப்ரொஃபசருக்குப் போன் பண்ணலாம் டீச்சர். பரவாயில்ல.

சந்திரமதி: அவருக்கு எதுக்கு?

சிந்துஜா: படியில யாரும் ஒக்காரல.

சந்திரமதி: புரியல.

சிந்துஜா: நான் யார்கிட்டயும் பேசல. காளிதாஸ் போயிட்டான், எழுதிக் குடுக்கற நாள் வந்துடுச்சு. ஒரு பிள்ள கொறஞ்சா எல்லாத்தையும் மறுபடி மொதல்லேருந்து... அந்த ரயில் பெட்டியில பாத்த பேரு ஞாபகம் வந்துச்சு. நானே கேள்வி கேட்டு, நானே பதில எழுதிட்டேன்.

சந்திரமதி: நீயே.

சிந்துஜா: ஓம் டீச்சர். எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில. வெளியில மழை பெஞ்சுது, மழைன்னு போட்டேன். சின்ன வயசுல எனக்குக் கணக்கு வராது, கணக்குன்னு போட்டேன். அவ்ளோதான். அவ இல்லாத பிள்ளன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பேரத் தொட்டிருப்பேனா?

சந்திரமதி: மணியப் பாத்துட்டுன்னு எழுதினியே?

சிந்துஜா: டீச்சர்மாருக்கு எப்பவும் ஏதாவது மீட்டிங் இருக்கும்ல. சும்மா எழுதினேன்.

சந்திரமதி: பாக்காமப் போட்ட சரி?

சிந்துஜா: அது... தெரியல. யோசிச்சு எழுதல. கை நிக்காமப் போச்சு, அவ்ளோதான் ஞாபகம் இருக்கு.

சந்திரமதி: எடுக்கச் சொன்ன அந்தக் கடைசி வரி?

சிந்துஜா: வேணாம் டீச்சர். அதும் கற்பனதான். உங்க மனசப் போட்டு இப்படிக் கலக்கிட்டேனேன்னு எனக்கு வெக்கமா இருக்கு. எல்லாத்தையும் இங்கயே அழிச்சிடறேன், உங்க கண்ணு முன்னால. தீசிஸ் போனா போகட்டும்.

சந்திரமதி: அந்த வரி.

சிந்துஜா: "டீச்சர் அவங்க குடைய எங்கிட்ட குடுத்துட்டாங்க. பாவம், நனைஞ்சிருப்பாங்க."

சந்திரமதி: குடையச் சொன்னாளா...

சிந்துஜா: டீச்சர், அழாதீங்க. யாரும் சொன்னதில்ல இது, நான் எழுதுனது. பாருங்க, அழிக்கறேன்... ஏன் பின்னாலயே பாக்கறீங்க? அங்க யாரும் இல்ல டீச்சர்.

சந்திரமதி: அழிக்காத. மணியத்தோட நம்பர் எங்கிட்ட இருக்கு. போட்டுத் தர்றேன், அந்தப் பதில முழுசா அவனுக்குப் படிச்சுக் காட்டு. மிச்சத்த நான் சொல்லிக்கறேன். அன்னிக்கு அவ வேன்ல ஏறல. நான் நிறுத்தி வெச்சிருந்தேன், வேன் போயிடுச்சு. கணக்கு மார்க் ஏன் எறங்குச்சுன்னு டவுன்ல மீட்டிங், எனக்கு அவசரம். சரி போட்டேன், குடையக் கையில குடுத்து ஓடிப் போயிடுன்னு அனுப்பிட்டேன். இந்த வகுப்புல அவளும் நானும் மட்டுந்தான் இருந்தோம்... நனைஞ்சேன் கண்ணு. கார் வரைக்கும் தொப்பலா நனைஞ்சுக்கிட்டேதான் போனேன்.