பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு பஸ்

– வேண்டாம் வேலாயுதம், காபி வேண்டாம். எனக்கு வெறும் தண்ணி போதும்.

– அட, ஒரு வாய் குடிங்க சார். எங்க வீட்டுக்காரி பெரியநாயகி போட்ட காபி. பஸ் ஆபீஸ்லேருந்து எங்க தெருவுக்குள்ள காலடி வெச்ச மொத ஆபீசர் நீங்க. வெறும் வாயோட அனுப்பிட்டா, தறிக்கு நூல் இழுத்துக் கட்டற பாவு மேஸ்திரின்னு நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?

– வயிறு சரியில்லீங்களா சாமி? சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டாரட்டா?

– வயித்துக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நான் எதுவும் சாப்பிடறதா இல்ல. அவ்வளவுதான். நீங்களும் அப்படி சீட்டுல உட்காருங்க. ஆகட்டும் துரைக்கண்ணு, பஸ்ஸை எடுப்பா. வெள்ளோட்டம்தானே, மெதுவாப் போ. தெரு எப்படி இருக்குதுன்னு பார்க்கணும்.

– பாத்தியாடி பெரியநாயகி? கை சுத்தமான ஆபீசர்னா இப்படித்தான். நம்ம வீட்டுக் காபியக்கூடத் தொட மாட்டாரு.

– சும்மா இருங்க நீங்க. அவரு காதுல விழப்போகுது.

– விழட்டுமே, நல்லதைத்தானே சொல்றேன். கலியாணசுந்தரம் சார், ஜன்னல் பக்கம் பாருங்க. இந்த இடத்துல தெரு நடுவுல ஒரு சாக்கடை ஓடிக்கினு இருந்துது. ஆளுக்கு ஒரு கூடை செங்கல் போட்டு ஓரமாத் திருப்பிட்டோம். அதோ, அந்த வேப்பமரத்துக் கிளை தெருவை மறைச்சுக்கினு தொங்கும். பஸ் மேல இடிக்கும்னு கழிச்சாச்சு. ஜோரா இருக்குதா இல்லியா?

– ஜோராத்தான் இருக்கு. யார் செஞ்சது இதெல்லாம்? நகராட்சியா?

– நகராட்சியா! எங்க தெருதான் சார். தறியை விட்டு எறங்கி, சாயங்காலத்துல மம்முட்டி புடிச்சோம். சந்திரனுக்கே ஆள் போய் எறங்கிட்டு வந்துட்டான், எங்க பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு டவுன் பஸ் வரல. செவிலிமேட்டுக்காரன் வீட்டு வாசல்லேயே பஸ் ஏறுறான். நாங்க மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய், கூட்டம் ஏறினப்புறம் புட்போர்டுல தொங்கறோம்.

– சரி. இந்த வலது பக்கம் செங்கல் தூள் கொட்டி மட்டம் பண்ணியிருக்கீங்களே, அது எதுக்கு?

– அதைக் கேளுங்க! அது சைக்கிள்காரங்களுக்கு. சேலை நெய்ஞ்சு முடிச்சவன், பட்டு நூல் வாங்கப் போறவன், சாயப்பட்டறைக்குப் போறவன், எங்க தெருவுல எல்லாம் சைக்கிள்தான். பஸ் வந்தா அவன் எங்க ஒதுங்குவான்? அதான். இந்தப் பக்கம் நடக்கறவங்களுக்கு. இஸ்கூல் போற பசங்க வரிசையாப் போலாம்.

– இது யாருக்குத் தோணுச்சு?

– இதோ, இவளுக்கு. வீட்டுல என்னை மெரட்டறது போதாதுன்னு தெருவையே மெரட்டி வேலை வாங்கினா.

– மெரட்டலீங்க சாமி. பஸ்ஸுல போறவங்க மட்டும் மனுசங்களா? நடக்கறவங்க, சைக்கிள்ல போறவங்க எல்லாரும் ஏகாம்பரநாதன் படைச்ச உசுருதானே. ஒருத்தருக்கு நல்லது பண்றேன்னு இன்னொருத்தர் மேல ஏத்தக் கூடாது இல்ல?

– நல்லாச் சொன்னீங்கம்மா. ஒண்ணு கேக்கணும், வேலாயுதம். நெசவுத் தெருன்னு சொன்னாங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு வீட்டுல கூடத் தறிச் சத்தமே காணோமே?

– அது… அது வந்து சார்… பஸ் வருதுன்னு எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. பாருங்க, எப்படி வேடிக்கை பாக்கறாங்கன்னு! எலே, கை காட்டுங்கடா சாருக்கு! பெரியநாயகி, நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கினு இருக்கிற? நீயும் கை காட்டு.

– எனக்குக் கை வரலீங்க.

– அம்மா, அந்த நீலக் கதவு வீட்டு வாசல்ல, நிறைமாசமா ஒரு பொண்ணு நிக்குதே…

– அது எங்க அலமு, சாமி. எங்க ஒரே பொண்ணு. தலைப்பிரசவம் மாதிரிதான் வெச்சுக்கங்க.

– மாதிரின்னா?

– போன வருசம் ஒண்ணு நின்னுச்சு, தங்கல. வலி எடுத்துது, மருமவப் பிள்ளை சைக்கிள் பின்னால உக்கார வெச்சுத் தள்ளிக்கினு பெரியாஸ்பத்திரிக்குப் போனாரு. மெயின் ரோட்டுல பின்னாலேயே ஒரு வண்டி வந்து ஹாரனை அழுத்தி அழுத்தி அடிச்சுது. ஒதுங்கறதுக்கு ஓரம் கெடையாது. சைக்கிள் பள்ளத்துல சாஞ்சுடுச்சு.

– அதான் சார் கேக்கறோம். இந்த மாசம் முடியறதுக்குள்ள பஸ் விட்டீங்கன்னா என் பொண்ணு சீட்டுல உக்காந்து போவா. உங்க கால்ல விழட்டா சொல்லுங்க, விழறேன்.

– எழுந்திருங்க வேலாயுதம், கால்ல எல்லாம் விழக் கூடாது. நான் பார்த்த வரைக்கும் தெரு நல்லா அகலமா இருக்கு, தடங்கல் ஒண்ணும் இல்ல. காலையில மொத பஸ் ஆறரைக்கு உள்ள வரும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கும் மார்க்கெட்டுக்குப் போறவங்களுக்கும் அதுதான் சௌகரியம். என்ன சொல்றீங்க?

– என்னா சொல்றது சார்! பெரியநாயகி, கேட்டியா? ஆறரை மணிக்கு பஸ்ஸு! நம்ம தெருவுல பஸ்ஸு! ஏண்டி, சிரியேன்!

– சாமி.

– சொல்லுங்கம்மா.

– பெரியநாயகி, நீ பேசாம இரு. ஆபீசர் சொல்லிட்டாரு. முடிஞ்சுது.

– முடியலீங்க. சாமி, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.

– துரைக்கண்ணு, நிறுத்துப்பா. என்னம்மா?

– ஏய், அலமுவை நெனைச்சுப் பாரு. அவ மூஞ்சியை நெனைச்சுப் பாரு!

– அவளைத்தாங்க நெனைக்கிறேன். சாமி, இன்னிக்கு அமாவாசை.

– சரி?

– அமாவாசைக்குத் தறியில உக்கார மாட்டோம். தறியைத் தொடைச்சு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டு ஓய்வு. பாவும் விரிக்க மாட்டோம். அதான் தெரு இப்படி வெறிச்சுனு இருக்குது. நாளைக்கு விடியக்காலையில நீங்க வந்து பாருங்க. தெரு நடுவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கழி நட்டு, சேலைக்கு உண்டான நூலு மொத்தத்தையும் பாவா இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வெச்சிருப்பாங்க. வெயில் ஏறி அது காஞ்சு சுருட்டற வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் குறுக்கே போகாது. ஈரப் பாவை நடுவுல எடுத்தா இழை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அந்தச் சேலை போச்சு. ஆறரைக்கு பஸ் எப்படி வரும்?

– போச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்டா. சார், பஸ் வந்துட்டா நாங்க எப்படியாச்சும்…

– எப்படியாச்சும் இன்னா பண்ணுவீங்க? வேணும்னுதானே அமாவாசையாப் பாத்துத் தேதி கேட்டீங்க. பஸ் மொதல்ல வரட்டும், மீதியை அப்புறம் பாத்துக்கலாம்னு தெருவே கூடிப் பேசினீங்களே.

– அலமுவுக்காகத்தாண்டி பண்ணேன்!

– எனக்குத் தெரியாதா? நீங்க மட்டும்தான் அவளைப் பெத்தீங்களா? ஆனா நாளைக்கு இந்த டிரைவர் தம்பி ஆறரைக்கு வண்டியைத் திருப்புவாரு. எதுத்தாப்புல பாவு. பிரேக் புடிக்கலேன்னா ஒரு குடும்பத்துப் பொழப்பு அறுந்துடும். புடிச்சாருன்னா உள்ள உக்காந்திருக்கிற ஜனம் லேட்டாச்சுன்னு இவரைத்தான் திட்டும். ஆபீசுல இவரு தலைதான் உருளும். நாம பொய் சொல்லுவோம், அடி இவருக்கா? அப்படி வர்ற பஸ்ஸுல ஏறிப் போய்ப் பேரப்பிள்ளை பெத்தா, அதைத் தூக்கறப்ப என் கை கூசாது?

– ம்… இப்போ என்ன பண்ணச் சொல்றீங்கம்மா? காலை வேளையில தெருவுக்குள்ள பஸ் வர முடியாதுன்னா, இந்த வழியை நான் குடுக்க முடியாதே.

– தெரியும் சாமி. தெரிஞ்சுதான் சொன்னேன்.

– அழாதீங்கம்மா. துரைக்கண்ணு, நீ ஏம்பா கண்ணைத் தொடைக்கிற? தூசியா? சரி சரி. வேலாயுதம், நீங்க இப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்தா எப்படி? ஊரை அறிஞ்சவர் நீங்க. தெருவுக்குப் பின்னால வண்டி போற வழி ஏதாவது இருக்கா?

– இருக்குது. குளத்தங்கரை ரோடு. கட்டை வண்டி போகும். பஸ் போகுமான்னு தெரியல.

– தெரியலேன்னா போய்ப் பார்க்கறது. துரைக்கண்ணு, பிள்ளையார் கோயில் முனையில திருப்பு.

– பாத்து தம்பி, இடது பக்கம் பனைமரம்!

– அவன் பார்த்துப்பான். என்ன, ஊர்ந்துக்கிட்டே போறான்… ஓ, முன்னால ஒருத்தர் சைக்கிள்ல போறாரா.

– சைக்கிள்ல பட்டு மூட்டை கட்டியிருக்காரு சாமி. பாருங்க, தம்பி ஹாரனே அடிக்கல. அவரா ஒதுங்கற வரைக்கும் பின்னாலேயே போறாரு. ஏகாம்பரநாதா, இந்தப் புள்ளை நல்லா இருக்கணும். போன வருசம் அந்த வண்டியில இவரு இருந்திருந்தா…

– ஏய், சும்மா பழசைக் கிளறாத. சார், வழி போதும் சார்! ரெண்டு பக்கமும் ஒரு முழம் மிச்சம் இருக்குது! அந்தப் பனைமரத்துக்கிட்ட மட்டும் கரையைக் கொஞ்சம் கொத்திவிட்டா பேஷாப் போகும். நாளைக்கே ஆளைக் கூட்டிக்கினு வரேன். நாளைக்கு இன்னா, இன்னிக்கே. இன்னிக்குத்தான் எவனுக்கும் தறி கெடையாதே!

– இப்போதான் வேலாயுதம் பேசறார். கேளுங்க. காலையில பாவு விரிச்சிருந்தா பஸ் குளத்தங்கரையா வரும். தெருவோட இந்த முனையிலயும் அந்த முனையிலயும் நிக்கும். பாவு சுருட்டினப்புறம் தெருவுக்குள்ளேயே வரும். அலமு அரைத் தெரு நடக்க முடியுமா?

– நான் கையைப் புடிச்சுக் கூட்டிக்கினு வந்துடுவேன் சாமி. மெயின் ரோடு எங்க, அரைத் தெரு எங்க!

– ஆகட்டும். ஆனா ஒரு சிக்கல். பாவு இருக்குதா இல்லையான்னு துரைக்கண்ணுவுக்கு முனையிலேயே தெரியணும். உள்ள வந்துட்டா வண்டியைத் திருப்ப முடியாது.

– கோயில் முனையில கரெண்ட் கம்பம் இருக்குதே. பாவு விரிக்கிறப்ப அதுல அரக்குத் துணி ஒண்ணு கட்டிடறோம். சுருட்டினதும் அவுத்துடறோம். துணி இருந்தா குளத்தங்கரை, இல்லேன்னா தெரு.

– யார் கட்டுவாங்க?

– நான் கட்டுவேன் சாமி. காலையில வாசத் தெளிச்சுக் கோலம் போட்டதும் மொத வேலை அதுதான்.

– இவ மறந்தா நான் கட்டுவேன் சார். மேஸ்திரி நான், பாவுக்கு நான்தானே பொறுப்பு.

– மறக்கக் கூடாது. பாவு இல்லாதப்போ சோம்பல்பட்டுத் துணியை அவுக்காம விட்டாலும் கூடாது. கூரம் கிராமத்துலேருந்து இதே பஸ்ஸுல காய்கறிக் கூடையோட வர்றவங்களைச் சும்மாச் சுத்தவிடறது பாவம். அந்தத் துணி ஒரு நாளும் பொய் சொல்லக் கூடாது.

– சொல்லாது சாமி. எங்க தெரு இனிமே சொல்லாது.

– நம்பறேம்மா. அந்த ஒரு நம்பிக்கையிலதான் பஸ்ஸை விடறேன். திங்கக்கிழமை வரும்.

– திங்கக்கிழமையா! துரைக்கண்ணு தம்பி, கேட்டியாப்பா? திங்கக்கிழமை வாழைமரமே கட்டறேன் உன் வண்டிக்கு! பெரியநாயகி… ஏ புள்ள… என்னை ஒரு தடவை திட்டேன்.

– எதுக்கு இப்ப திட்டறது? சாயங்காலம் மம்முட்டி எடுத்துக்கினு போங்க. அது போதும்.

– உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லிடறேன். காலையில இந்தத் தெருவுக்கு 'முடியாது'ன்னு சொல்லத்தான் வந்தேன்.

– ஏன் சார்? தெருவை அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தோமே?

– இன்னிக்கு சுத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியும், அதனாலதான் வேலாயுதம். தறிச் சத்தம் எங்கேன்னு கேட்டப்போ வந்த பதிலையும் சேர்த்து வெச்சுக்கங்க. ஆறரைன்னு நான் சொன்னதும் யாராவது உண்மையைச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான். எத்தனையோ தெருவுக்குப் போயிருக்கேன். எல்லாரும் தெருவோட பெருமையைத்தான் காட்டுவாங்க. தன் குறையைத் தானே காட்டி, 'பஸ் வேணாம்னாலும் பரவாயில்ல'ன்னு நின்ன தெரு இது ஒண்ணுதான். நீங்க பெருமைப்படணும்னா அதுக்குப் படுங்க.

– எனக்கு ஒண்ணுமே புரியல சார்.

– விடுங்க சாமி. அவருக்குப் புரியறப்ப புரியட்டும். உச்சிப் பொழுது ஆவப்போகுது. வீடு வந்துடுச்சு. இப்பவாச்சும் எறங்கி, ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போங்க. நீங்க பட்டினியாப் போனா எங்களுக்குத் தொண்டையில எறங்காது.

– இன்னொரு நாள் வந்து உங்க கையால சாப்பிடறேம்மா. காலையில குளத்துல முழுகி எங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டுத்தான் கிளம்பினேன், இனி வீட்டுக்குப் போய்க் காக்காய்க்குச் சோறு வெச்சாத்தான் இன்னிக்கு எனக்குச் சோறு.