ஜப்தி ரிக் லாரியின் முத்திரையை உடைத்தது பற்றி கருப்பண்ணன் சொன்னது

என் பெயர் கருப்பண்ணன், வயது 56, தகப்பனார் பெயர் ஆண்டி. திருச்செங்கோடு வட்டம், புளியங்காட்டுவலசில் மனைவி மாரக்காளுடன் குடியிருந்து, ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயம் செய்து வருகிறேன்.

கிணறு வற்றிவிட்டதால் 12.02.2024 அன்று சின்னராஜ் என்பவரின் ரிக் லாரியை வரவழைத்து ஆழ்துளைக் கிணறு போட்டேன். ஒன்றோடொன்று கோத்த இரும்பு ராடுகள் 720 அடி இறங்கியபோது வணிகவரி அலுவலர் தண்டாயுதபாணி ஜீப்பில் வந்து, சின்னராஜ் தன் பைப் கடைக்குப் பழைய விற்பனை வரி பாக்கி வைத்திருப்பதால் லாரியை ஜப்தி செய்வதாகச் சொன்னார்.

ரிக் ஓட்டிய சின்னுசாமி, "சார், குழிக்குள்ள அடிக்கிற காத்த இப்ப நிறுத்துனா கல்லுத்தூளு பூரா எறங்கி ராட கவ்விக்குமுங்க. ஒரு மணி நேரம் குடுங்க, முப்பத்தாறு ராடையும் ஏத்திர்றேன்" என்றார்.

"ஏத்திட்டு லாரியோட பறந்துருவ. நிறுத்துய்யா" என்றார் அலுவலர்.

சின்னுசாமி நிறுத்தினார். அதன் பிறகு லாரியை எடுக்கச் சொன்னபோது ராடு குழியில் சிக்கி வரவில்லை. அதன் பிறகு இன்ஜினுக்கு அரக்கு முத்திரை வைத்து, லாரி என் காட்டில் நிற்பதால் நானே பொறுப்பு என்று கையெழுத்து வாங்கினார்கள். "நான் ஒரு ரூவா பாக்கி வெக்கலீங்களே சாமி" என்றேன். "வெச்சேன்னு யாரு சொன்னா? காவல்தான இருக்கச் சொல்றோம்" என்றார்.

அதன் பிறகு ஆறு மாதம் லாரி அங்கேயே நின்றது. சின்னராஜ் ஏலத்துக்குக் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டு, மனைவி பெயரில் வேறு ரிக் எடுத்து அடுத்த ஊரில் ஓட்டுகிறார். ராடை எடுக்க அனுமதி கேட்டு வரி அலுவலகத்தில் நான்கு முறை மனுக் கொடுத்தேன். வழக்கு முடியட்டும் என்றார்கள். கிழங்கு காய்ந்தது. கறவை மாடு இரண்டையும் விற்றோம். லாரிக்கடியில் படுத்துக் காதை வைத்தால் குழிக்குள் தண்ணீர் சொட்டுவது கேட்டது. மாரக்காள் தினமும் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

15.08.2024 விடுமுறை என்பதால் யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணி, சின்னுசாமியைக் கூப்பிட்டு வந்து, முத்திரையை நானே அரிவாளால் உடைத்தேன். இரண்டு மணி நேரம் காற்றடித்த பிறகு ராடு இளகியது. பதினொரு ராடு மேலே வந்தது. பன்னிரண்டாவதை ஏற்றும்போது தண்ணீர் பீறிட்டு லாரிக்கு மேலே எழுந்தது. மாரக்காள் அதில் போய் நின்றுகொண்டாள். அந்தச் சத்தத்தில், யாரோ தகவல் சொல்லி அலுவலரும் போலீசாரும் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அலுவலர் சட்டையில் தேசியக் கொடி குத்தியிருந்தார்.

நான் அவர் காலில் விழுந்து, "தண்ணி வந்துருச்சுங்க. அரை மணி நேரமுங்க, ராடு வெளிய வந்துட்டா லாரிய நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க" என்றேன். அவர் நனையாத தூரத்துக்கு நகர்ந்து, "தண்ணி எங்கய்யா ஓடிரப்போவுது? வழக்கு முடிஞ்சதும் எடுத்துக்க" என்றார். சின்னுசாமி நிறுத்தவில்லை. ஒரு கான்ஸ்டபிள் ஏறி நிறுத்தினார். தண்ணீர் அடங்கியது. மீதி இருபத்தைந்து ராடும் சிக்கிக்கொண்டன.

தப்பு என்று தெரிந்தே செய்தேன். சின்னுசாமி நான் கூப்பிட்டு வந்தவர். என்னைக் கைது செய்ததால், லாரிக்குப் பொறுப்பாக மாரக்காள் பெயரை எழுதினார்கள். கை ஈரமாக இருந்ததால் அவள் வைத்த ரேகை சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு இரண்டாவது முறை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஆ. கருப்பண்ணன்