தம்பிக்கு ஏற்ற ஐபீஸ்

தொலைநோக்கி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் குழாயின் நீளத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். உண்மையில் பார்த்து வாங்க வேண்டியது ஐபீஸை. கண்ணை வைத்துப் பார்க்கிற, கட்டைவிரல் அளவுள்ள அந்தச் சின்ன உருளை. அது கண்ணுக்கு ஒத்துவரவில்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் வீண். இதைப் பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன் ஐயா, உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் தொலைநோக்கியும் விற்கிற ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கண்ணுக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கிறேன். எங்கள் கொல்லையில் நிற்கும் தொலைநோக்கியின் கண்ணாடியையும் நான்தான் தேய்த்தேன். எட்டங்குல வட்டம். தினமும் கடையிலிருந்து வந்து தேய்த்துத் தேய்த்து முடிக்க ஏழு மாதமாயிற்று. தம்பி குழாய்க்கு நீலப் பெயின்ட் அடித்தான். வந்தவர்கள் நிறத்தைப் பாராட்டினார்கள். "எம் பையன் செஞ்சது" என்று அம்மா சொல்வார். நானும் அவர் பெற்ற பையன்தான். அது பெரும்பாலும் அவருக்கு மறந்துபோகும்.

ஐபீஸ் வாங்குவது தம்பி. வாங்கியதெல்லாம் பெரிதாக்கிக் காட்டுகிற வகை. இமை உரச ஒட்டி நின்று பார்க்க வேண்டும். என்னைப் போல் தடித்த கண்ணாடி போட்டவனுக்குச் சாவித்துவாரத்தில் பார்க்கிற மாதிரிதான் தெரியும். கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் கோடாக இழுபடும். என் பார்வையில் உள்ள கோணல் அப்படி. கண்ணாடிக்காரர்களுக்கென்று கண்ணைத் தள்ளிவைத்துப் பார்க்கிற ஐபீஸ் இருக்கிறது, அதில் ஒன்று வாங்கேன் என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குண்ணா அதெல்லாம்? நான் பாத்துச் சொல்றேன், நீ கேட்டுக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் கூடுதலாகச் சிரித்தார்.

நீயே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம். அவன் வாங்கித் தரட்டும் என்று இருந்தேன். ஒன்பது வருடம் இருந்தேன்.

இந்தத் தொலைநோக்கிப் பைத்தியம் பிடித்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் கண்ணாடியைத் தேய்த்தாரோ, முதல் பார்வை அவருக்கு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் செல்லுபடியாகவில்லை. குழாயைத் திருப்பி நிறுத்துவது நான், குனிவது அவன்.

போன மாதம் சூரியனில் இருக்கிற கரும்புள்ளிகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். "எதைப் போட்டுப் பாக்கணும்ணு நீயே பாத்துக் குடுண்ணா" என்றான். கண் விஷயத்தில் மட்டும் அவனுக்கு என் பேச்சு வேதவாக்கு. சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் வாயையே மூட வேண்டும், வெயில் உள்ளே இறங்கும் முன்பே அதை மங்க வைக்கிற தாள் இருக்கிறது. முன்பெல்லாம் ஐபீஸின் அடியில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுப்பார்கள். எட்டங்குலத்து வெயில் முழுவதும் குவிந்து அதன்மேல் விழும். சற்று நேரம் தாங்கும், பிறகு வெடிக்கும். எதை வாங்கக்கூடாது என்று காட்டுவதற்காகவே அப்படி ஒன்றைக் கடை மேஜையில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"இது போதுமாண்ணா?"

"தாராளமாப் போதும்."

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. மனதுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை 'அண்ணா, நீ முதல்ல பாரு' என்று அவன் சொல்லிவிட்டால், கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இது பழசுடா, வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவன் கண் அவன் வாயில்தான் இருந்தது. இதைவிட நியாயமாக யாரால் நடந்துகொள்ள முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி. அம்மாவும் பார்க்க வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, "அவன் பாத்து முடிக்கட்டும்மா" என்று தள்ளி உட்காரவைத்தேன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடி வெடித்தபோது நகம் வெட்டுகிற சத்தம்தான் கேட்டது. வலது கண்ணின் நடுப்பார்வை இனி திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். எங்கள் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறவர் அவர், என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். "அண்ணன் மேல தப்பில்ல, எனக்காகத்தான் தேடி எடுத்துட்டு வந்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் தம்பி சொல்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் நானாகவே இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அன்று அவன் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு சின்ன டப்பாவோடு கொல்லைக்கு வந்தான். கண்ணாடிக்காரர்களுக்கான ஐபீஸ். "ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்தியே. கண்ணாடி தேச்சவன் நீ, இன்னைக்கு நீதான் முதல்ல பாக்கணும்ணா" என்று நீட்டினான்.

வாங்கினேன். நல்ல ஐபீஸ். அதன் அடியில் அந்தக் கறுப்புக் கண்ணாடியை இறுகத் திருகிக் குழாயில் பொருத்தினேன். சூரியனுக்கு நேராகத் திருப்பிவிட்டு விலகி நின்றேன்.

"எனக்குப் பழகிப்போச்சுடா" என்றேன். "நீயே பாரு."