சப்பாத்துப் போட்ட பேய்

மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மாங்குளம் வரை பேச்சில்லை. பிறகு மனைவி தொடங்கினார்.

“அந்தப் பேய்க்கு ஏன் ரெண்டு புள்ளி போட்டனீங்கள்?”

“அது சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்குது. பேய்க்கு எங்கை கால் நிலத்திலை முட்டுறது?”

“அது வெள்ளைக்காரப் பேய்.”

“எந்த ஊர்ப் பேயெண்டாலும் பேய்தானே.”

“ஓம், நீங்கள் பேயளோடை பழகின ஆள். கனடாவிலை வேலைக்குப் போற பிள்ளை, தன்ரை லீவு நாளிலை பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படமாத் தேடி அனுப்புறாள். தானும் பார்த்துப்போட்டு, ‘அப்பா, பத்துக்கு எத்தினை’ எண்டு போன் எடுத்துக் கேக்கிறாள். போன கிழமை கொலைகாரன் படத்துக்கு மூண்டு. இந்தக் கிழமை ரெண்டு. இப்பிடியே போட்டா அவள் அனுப்புறதை விட்டிடுவாள். எத்தினை தரம் உங்களுக்குச் சொல்லுறது?”

அவர் யன்னலை இழுத்து மூடிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“முதல் படத்துக்கு ஒன்பது போட்டனான். ‘சந்தோசம் அப்பா’ எண்டிட்டு ரெண்டு நிமிசத்திலை போனை வைச்சிட்டாள். குறைச்சுப் போட்டா அரை மணித்தியாலம் என்னோடை சண்டை பிடிக்கிறாள்.”

புளியங்குளத்தில் ஆட்கள் இறங்கினார்கள். பஸ் மறுபடி வெளிக்கிட்டது.

“அடுத்த படத்துக்கு ஒண்டு போடுங்கோ” என்றார் மனைவி.